மூன்று தடவை வேண்டாம் என்றேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு, காத்து கருப்பு, இதிலெல்லாம் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. கடலூரில் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். நிஜ எலும்புக்கூடு ஒன்று அங்கே கம்பியில் தொங்குகிறது, அதைத் தூசி தட்டுவதே நான்தான், மழைக்காலத்தில் நனைந்த சட்டையை அதன் தோளில் காயப்போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். யாராவது ராத்திரி அதைப் பார்த்தேன், இதைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தால் நக்கலடித்தே வாயை அடைத்துவிடுவேன். அதனால் இப்போது நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், பங்குனி மாத உச்சி வெயிலில்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரே ஒரு சிறுநீரகம்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் மற்றதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவன் இப்போது என்னைவிட நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு தொப்பை போட்டுவிட்டான். நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம், எல்லாம் செய்யலாம், தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது, குறைத்தால் இருக்கிற ஒன்றும் போய்விடும், அப்புறம் கொடுக்க உங்களுக்கு அண்ணன் கிடையாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். அதனால் கடலூரிலிருந்து ஏலகிரி அடிவாரம் வரை தனியாக சைக்கிளில் போகிறேன் என்றதும் என் மனைவி விஜயா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் செல்போனை வாங்கி அரை மணிக்கு ஒரு தடவை அலாரம் அடிக்கிற மாதிரி வைத்து, "மணி அடிச்சா குடிக்கணும். இல்லன்னா போகவே வேணாம்" என்றாள்.

எனக்கு சைக்கிளில் போவதைவிட நிற்பதுதான் பிடிக்கும். பைக்கில் போனால் நிற்க ஒரு காரணம் வேண்டும், சைக்கிளில் மூச்சு வாங்கினால் போதும். பனமலையில் பத்து நிமிஷம் ஏரிக்கரையில் காலை நீட்டலாம் என்று இறங்கியவன், கோயிலுக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தோடு புளிசோறு சாப்பிட்டு, கரையிலேயே தூங்கி எழுந்து சாயங்காலம்தான் கிளம்பினேன். மறுநாள் செஞ்சிக்குப் போகிற வழியில் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக் குவித்துப்போட்டுப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள், நானும் போய் உட்கார்ந்துவிட்டேன். "இன்னாயா, பொண்டாட்டி தொரத்தி வுட்டுட்டாளா, ஒண்டியா சைக்கிள்ல சுத்துற?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரிக்க, ஆமாம் என்று சொல்லி ஒரு மணி நேரம் அவர்களோடு காய் ஆய்ந்தேன். போகும்போது, மல்லாட்டை என்று அவர்கள் சொல்கிற அந்தக் கடலையை இரண்டு கை அள்ளிப் பையில் கொட்டினார்கள். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான இரண்டு நாள் அதுதான்.

செஞ்சியில் ஒரு விடுதியில் தங்கிவிட்டுக் காலையில் திருவண்ணாமலைப் பக்கம் திரும்ப வேண்டியவன், டீக்கடையில் ஒருவர் மேல்சித்தாமூரில் சமணர் மடம் இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்கும் என்றதால் எதிர்த்திசையில் விட்டேன் சைக்கிளை. அங்கே மடத்தெருவுக்கு முன்னால் சங்கிலி கழன்றது. கையெல்லாம் கரியோடு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். சமணர், நயினார் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிட்டார்கள். அறுபது வயது இருக்கும், நெல், மல்லாட்டை வியாபாரம், கொஞ்சம் நிலமும் உண்டு.

"உள்ள வாங்க, கை கழுவிட்டு டிபன் சாப்டுங்க" என்றார்.

"பரவால்லீங்க, வேணாம்" என்றேன். நீங்களே சொல்லுங்கள், யாராவது கேட்டவுடன் சரி என்போமா? அடுத்தவர் வீட்டில் சட்டென்று கையை நீட்டினால் அலைகிறான் என்பார்கள் என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வயிறு காய்ந்தாலும் முதல் தடவை வேண்டாம், இரண்டாவது தடவை இப்போதுதான் சாப்பிட்டேன், மூன்றாவது தடவை அவர்கள் கையைப் பிடித்து இழுக்கும்போது சரி, கொஞ்சமாக. அப்படியே செய்தேன். கொஞ்சமாக ஆறு இட்லி சாப்பிட்டேன்.

என் இரண்டு பாட்டிலுக்கும் கிணற்றுத் தண்ணீரை நான்காக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். ஊற்றி முடித்ததும் அந்தத் துணியைத் திருப்பிப் பிடித்து, அலசின தண்ணீரை வாளியில் வைத்து மெதுவாக அதே கிணற்றுக்குள் இறக்கினார். துணியில் ஒட்டின சின்னச் சின்ன உயிர்கள் தங்கள் இடத்துக்கே போய்ச் சேரட்டும் என்றார். நான் சும்மா இருப்பேனா, "கண்ணுக்குத் தெரியாத கிருமியெல்லாம் துணியில நிக்காதுங்க, நான் லேப்ல வேலை செய்றவன்" என்றேன். "நிக்கறத வச்சாவது காப்பாத்தலாமே" என்று சிரித்தார். தொண்டூர்ப் பக்கம் ஒரு குன்றில் அந்தக் காலத்து சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் இருப்பதையும் அவர்தான் சொன்னார். "போறதுன்னா பத்து மணிக்குள்ள பாத்துட்டு எறங்கிடுங்க, அப்புறம் பாறை கொதிக்கும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அவர்மேல் பழிபோட எனக்கு எதுவும் இல்லை.

பத்து மணிக்குள் போயிருப்பேன். வழியில் கருவேல முள் ஏறிப் பின்சக்கரம் இறங்கிவிட்டது. மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சர் ஒட்டினேன், கடைக்காரர் காற்றைக் கல் மாதிரி ஏற்றிக் கொடுத்தார். குன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டாகப் போகிறது. ஒன்றரை பாட்டில் தண்ணீர் காலி, மிச்சம் அரை பாட்டில்தான். அடிவாரத்துப் புளியமரத்தடியில் குடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பெயர் பச்சையம்மா என்று அப்புறம் தெரிந்தது.

"பத்து நிமிஷத்துல எறங்கிடறேம்மா, சைக்கிள கொஞ்சம் பாத்துக்கோங்க."

"போ போ, இத யாரு தூக்கிக்கினு போவப் போறாங்க" என்றார்.

கையை ஊன்றி ஏற வேண்டிய பாறை, பத்து நிமிஷம்தானே என்று பாட்டிலை சைக்கிளிலேயே விட்டுவிட்டேன். மேலே ஒரு பெரிய பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் வரிசையாக ஐந்து படுக்கை, ஆள் படுக்கிற நீளத்துக்குப் பாறையை வழவழவென்று செதுக்கி, தலைமாட்டில் தலையணை மாதிரி கொஞ்சம் மேடாக விட்டிருந்தார்கள். வெளியே கால் வைக்க முடியாத சூடு, உள்ளே மட்டும் குளிர்ச்சி. எனக்குத்தான் நிற்கப் பிடிக்குமே, செருப்பைக் கழற்றிவிட்டு நடுப்படுக்கையில் நீட்டிப் படுத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் இறங்கி முதல் வேலையாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

"தண்ணி குடிக்கிறியா?"

தூங்கவில்லை, சத்தியமாகத் தூங்கவில்லை. பச்சையம்மாதான் பாவம் என்று தன் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு சின்ன கேனில் அவர் நாள் முழுக்க வைத்துக் குடிக்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், அதைப் போய் வாங்கிக் குடிப்பதா? கண்ணைத் திறக்காமலே, "வேணாம்மா, கீழ இருக்குது" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "தண்ணி வேணாமா?"

"வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்." முழுப் பொய். தொண்டை எரிகிறது, ஆனால் வாய் பழக்கத்தில் தானாகச் சொல்லிவிட்டது.

அதற்கப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் குரல் பச்சையம்மா குரலே இல்லை. ஆண் குரலா, பெண் குரலா என்றே சொல்ல முடியவில்லை, ரொம்ப நாளாகப் பேசாதவர் பேசுகிற மாதிரி வறண்டு இருந்தது. அதோடு யாரும் ஏறி வந்த சத்தமே கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். என் கால் பக்கத்துத் திறப்பு வழியாகக் கீழே புளியமரம் தெரிந்தது, மரத்தடியில் அந்தக் கறுப்புக் குடை தெரிந்தது, குடைக்குக் கீழே பச்சையம்மா உட்கார்ந்திருந்தார். அவர் அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றுகிறது, கை கால் வரவில்லை. அப்போது மூன்றாவது தடவை கேட்டது. இந்தத் தடவை என் வலதுபக்கத்துப் படுக்கையிலிருந்து, என் காது உயரத்தில், பக்கத்தில் படுத்திருப்பவர் நம் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்பாரே, அப்படி.

"தண்ணி?"

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேண்டும் என்று சொல்லியிருக்கலாம், நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் தண்ணீர் வரும், எந்தக் கையிலிருந்து வரும் என்று நினைத்ததும் அதை விழுங்கிவிட்டேன். "வேணாம்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன்.

உடனே பக்கத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. சொம்பைச் சாய்த்து ஒரே சீராகக் கல்லில் ஊற்றினால் எப்படிக் கேட்கும், அப்படி. ரொம்ப நேரம் கேட்டது, ஒரு சொம்பில் அவ்வளவு தண்ணீர் இருக்க முடியாது. சத்தம் நின்றதும் எப்படியோ தலையைத் திருப்பிப் பார்த்தேன். படுக்கையில் புழுதி படிந்திருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நம்பினால் நம்புங்கள், அந்த நிமிஷத்திலிருந்து எனக்குத் தாகம் இல்லை. கரண்ட் போனால் மிக்ஸி நிற்குமே, அப்படி நின்றுபோனது. பயமும் அதோடு சேர்ந்து போய்விட்டது, அதை நினைத்தால்தான் இப்போது நடுங்குகிறது. நாக்கு காய்ந்திருப்பது தெரிகிறது, உதடு வெடித்திருப்பது தெரிகிறது, வேர்வை நின்றுவிட்டது, அது எவ்வளவு ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் எழுந்து போய்க் குடிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அலாரம் அடித்தது, எடுத்து நிறுத்தினேன். விஜயாவின் முகம் ஞாபகம் வந்தது. யாரோ தெரிந்தவர்கள் வீட்டுப் பெண் என்கிற மாதிரி வந்துவிட்டுப் போனது. அப்படி ஒரு நிம்மதி, இப்படியே இருந்துவிடலாம் என்று இருந்தது.

டமார் என்று ஒரு சத்தம் கீழே. தூக்கிவாரிப் போட்டது.

"யோவ் சைக்கிளு! ஒன் டயரு வெடிச்சிடுச்சுய்யா, எறங்கி வாய்யா!" என்று பச்சையம்மா கத்தினார். பஞ்சர் கடைக்காரர் ஏற்றின காற்று, நிழல் நகர்ந்துபோய் வெயிலில் சூடேறி வெடித்திருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கு நான் கோயில் கட்ட வேண்டும். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் உருண்டு புரண்டு இறங்கிவிட்டேன், செருப்பு மேலேயே கிடக்கிறது.

நான் கணக்குப் போட்டது இருபது நிமிஷம். செல்போனில் மணி மூன்றாகப் போகிறது. ஒரு தடவைதான் அலாரத்தை நிறுத்தின ஞாபகம், அது ஐந்து தடவை அடித்திருக்க வேண்டும். பச்சையம்மா என் முகத்தையே பார்த்தார்.

"மேல யார்கிட்ட பேசிக்கினு இருந்த?"

"உங்களுக்குக் கேட்டுதா?"

"வேணாம், வேணாம்னு நீ சொன்னது கேட்டுச்சு. மூணு வாட்டி சொன்ன. யாரு இன்னா கேட்டாங்க?"

பாட்டிலை எடுத்து மிச்சம் இருந்த அரை பாட்டிலையும் கட்டாயப்படுத்திக் குடித்தேன். வெந்நீராக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, காய்ந்த தொண்டையில் தண்ணீர் பட்டால் ஒரு சுகம் வரும் இல்லையா, அது வரவில்லை. காலி பாத்திரத்தில் ஊற்றின மாதிரி உள்ளே போனது.

மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லோடு வண்டியில் சைக்கிளையும் என்னையும் ஏற்றிவிட்டார் பச்சையம்மா. நேராக நயினார் வீட்டுக்குத்தான் போனேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அது, அந்த வீட்டம்மா எனக்கும் இலை போட்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். கேலி செய்வார் என்று பார்த்தால் நயினார் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டார்.

"மூணு வாட்டியும் வேணாம்னா சொன்னீங்க?"

"ஆமாங்க. மரியாதைக்குச் சொன்னேன். கடைசி வாட்டி பயத்துல சொன்னேன்."

நயினார் தன் வீட்டம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் பெரிசா படிச்சவன் இல்லீங்க, கேள்விப்பட்டதுதான். அந்தப் படுக்கையில உயிர விட வர்ற முனிவருங்க முதல்ல சாப்பாட்ட விடுவாங்களாம், அப்புறம் கஞ்சி, கடைசியில தண்ணி. கூட இருக்கறவங்க சும்மா விட்டுட மாட்டாங்களாம், தண்ணி வேணுமா, தண்ணி வேணுமான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்களாம். அவங்க மனசு மாறினா குடுக்கணும் இல்லீங்களா." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "ஆனா அது மனசாரச் சொல்லணுங்க. நீங்க மரியாதைக்குச் சொன்னது அதுல சேராது. டென்ஷன் ஆவாதீங்க, சாப்டுங்க" என்றார். அவர் வீட்டம்மா அதற்கப்புறம் எனக்குத் தண்ணீர் வைக்கும்போது வேண்டுமா என்று கேட்கவில்லை, டம்ளரை என் கையிலேயே கொடுத்தார்கள்.

பயணத்தை அதோடு நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். வெயில் தாக்கினதில் மூளை கலங்கிக் காதில் குரல் கேட்டிருக்கிறது என்றார் டாக்டர். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், நினைக்க ஆசைப்படுகிறேன். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள், எதிலும் கோளாறு இல்லை. ஆனால் தாகம் திரும்பி வரவே இல்லை. இரண்டு வருடமாகிறது, ஒரு தடவைகூட எனக்குத் தண்ணீர் தவித்ததில்லை. ஊறுகாயை அப்படியே தின்று பார்த்தேன், வெயிலில் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. மருந்து மாதிரி மணி அடித்தால் குடிக்கிறேன்.

போன ஐப்பசியில் விஜயா ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று செல்போன் கெட்டுப்போய் அணைந்துவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆய்வகத்தில் வேலை செய்தேன், வீட்டுக்கு வந்து டிவி பார்த்தேன், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அது எனக்குத் தெரியவே இல்லை. அவள் வந்து, காலையில் நிரப்பி வைத்த குடம் துளியும் குறையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அலறினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள், இன்னொரு தடவை இப்படி ஆனால் அந்தச் சிறுநீரகம் தாங்காது என்றார்கள். தம்பி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் உயிர் இப்போது ஒரு மணிச் சத்தத்தில் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, இதைச் சொல்ல வெட்கமே இல்லை.

அதனால் போன மாதம் விஜயாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் குன்றுக்குப் போனேன். சிரிக்காதீர்கள். அவளைப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, அதே நேரம், அதே வெயிலில் ஏறினேன். அதே நடுப்படுக்கையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை முதல் கேள்விக்கே வேண்டும் என்று சொல்லிவிடுவது, எந்தக் கை நீட்டினாலும் வாங்கிக் குடித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். காற்று வீசியது, எங்கேயோ ஆடு கத்தியது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் நானே வாய்விட்டு, "தண்ணி வேணும், தண்ணி வேணும், தண்ணி வேணும்" என்று பாறையைப் பார்த்துச் சொன்னேன். அது கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்திருக்கும்.

இறங்கி வந்தேன். விஜயா எழுந்து ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தே ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டாள். வீட்டில் யாரும் என்னிடம் கேட்பதில்லை, கையில்தான் கொடுப்பார்கள். அன்றைக்கு அவசரத்தில் மறந்துபோய்ப் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்" என்றேன். நான் சொல்ல நினைத்தது அது இல்லை. யோசிப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

அவள் கை அப்படியே நின்றது. கண்ணெல்லாம் தண்ணீராக, "இது மரியாதைக்குச் சொன்னீங்களா, நெஜமாவே சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

நானும் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.